கடிதத்தை வைத்திருக்காத தபால்காரர்: சொந்தப் பெயர் ஈமெயில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு சிறிய கணினிக் கடை வைத்திருக்கிறேன். அச்சடிப்பு, படிவம் நிரப்புதல், போன் திருத்தம் என்று தொடங்கிய கடை. இப்போது அரைவாசி நாள் டொமைன், ஈமெயில் கதையிலேயே போகிறது. அரிசி ஆலைக்காரர், முல்லைத்தீவிலிருந்து கருவாடு அனுப்புகிறவர், பனையோலைப் பொருள் செய்கிற பெண்கள் சங்கம், பெயர்ப்பலகையில் நல்ல விலாசமாகப் போட ஆசைப்படுகிற டியூட்டரிக்காரர் என்று வருகிற எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

“தம்பி, என்னட்டை ஜீமெயில் இருக்கு. பேந்தென்னத்துக்கு இன்னொரு விலாசம்?”

ஜீமெயில் விலாசம் கூகிளுடையது. உங்கள் கடைப் பெயரில் எடுத்த டொமைன், அதாவது விலாசத்தில் @ குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர், கட்டணம் கட்டும்வரை உங்களுடையது. அரிசிப் பையில் அச்சடித்த விலாசத்தைப் பத்து வருடம் கழித்தும் மாற்ற வேண்டியதில்லை. அதற்குப் பின்னால் இருக்கிற பெட்டி இன்று ஜீமெயிலாக இருக்கலாம், நாளை வேறொன்றாக இருக்கலாம். அது வெளியில் யாருக்கும் தெரியவும் வேண்டாம். கடைப் பெயர் விலாசத்துக்கு வரும் கடிதத்தை அந்தப் பெட்டிக்கு அனுப்பிவைப்பதுதான் திருப்பிவிடும் சேவை.

விலாசம் மாறிமாறி வாழ்ந்த சனத்துக்கு இதை விளக்க உவமை தேட வேண்டியதில்லை. ஆள் இடம்மாறினால், தபாலதிபர் உறையில் இருக்கும் பழைய விலாசத்தை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதியதை எழுதி அடுத்த பையில் போட்டுவிடுவார். அவர் உறையைப் பிரிப்பதுமில்லை, பிரதி எடுப்பதுமில்லை. திருப்பிவிடும் சேவை செய்வதும் ஏறத்தாழ இதைத்தான். ‘ஏறத்தாழ’ என்று ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

“அப்ப எனக்கு வாற கடிதமெல்லாம் அவையின்ர சேர்வரில கிடக்குமோ?”

எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக விளங்கும்.

கனடாவில் இருக்கும் உங்கள் வாடிக்கையாளர் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துகிறார். அவருடைய சேர்வர் முதலில் டிஎன்எஸ் என்ற இணையத்தின் பெயரேட்டிடம் கேட்கிறது: இந்த டொமைனுக்குக் கடிதம் வாங்குகிறவர் யார்? அதற்கான பதில் ‘எம்எக்ஸ்’ என்ற பதிவில் இருக்கிறது. அங்கே திருப்பிவிடும் சேவையின் பெயரை நாங்கள் எழுதி வைத்திருப்போம். உடனே அவருடைய சேர்வர் அந்தச் சேவையின் 25ஆம் இலக்க வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டும். பிறகு நடப்பது ஒரு சிறு உரையாடல். நான் இன்னார், இன்னாரிடமிருந்து கொண்டுவந்திருக்கிறேன், இன்னாருக்குக் கொடுக்க வேண்டும், இதோ கடிதம். கடைசியில் வாங்குகிற பக்கம் 250 என்ற எண்ணைச் சொன்னால் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று பொருள். எஸ்எம்டிபி என்ற இந்தப் பேச்சுமுறை 1982இல் எழுதப்பட்டது, 2008இல் திருத்தி எழுதப்பட்டது. சொற்கள் பெரிதாக மாறவில்லை.

250 என்பது பதிவுத்தபாலுக்குக் கையெழுத்து வைப்பது போல. அதைச் சொன்னவுடன் பொறுப்பு கைமாறிவிடும். அனுப்பிய சேர்வர் தன் பிரதியை அழித்துவிடலாம். கடிதம் போய்ச் சேரவில்லையென்றால் இனிப் பதில் சொல்ல வேண்டியது வாங்கியவர்.

ஆகவே திருப்பிவிடுகிறவருக்கு இரண்டு வழி. ஒன்று, உடனே 250 சொல்லி வாங்கி, தன் வட்டில் வரிசையில் போட்டு, வசதிப்படும்போது ஜீமெயிலுக்கு அனுப்புவது. பெரும்பாலான சேர்வர்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. கடிதம் அங்கே சில வினாடியோ, மறுபக்கம் மக்கர் பண்ணினால் சில நாளோ கிடக்கும். இரண்டாவது வழியில் கையெழுத்து வைக்காமலே நிற்பார். அனுப்புகிறவரை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, அதே நேரத்தில் ஜீமெயிலின் கதவைத் தட்டுவார். இந்தக் கையால் வாங்கி அந்தக் கையால் கொடுப்பார். ஜீமெயில் 250 சொன்ன பிறகுதான் இவரும் இந்தப் பக்கம் திரும்பி 250 சொல்வார். கடிதம் அதுவரை நினைவகத்தில் மட்டுமே இருக்கும். வட்டில் எழுதப்படாது, இணைப்பு முடிந்தவுடன் மறைந்துவிடும்.

‘சேமிக்காமல் திருப்பிவிடுவது’ என்று விளம்பரப்படுத்துகிறவர்களில் சிலர் இந்த இரண்டாவது வழியைச் சொல்கிறார்கள். வேறு சிலர், ‘உங்களுக்குப் பெட்டி தரமாட்டோம், வரிசையில் கொஞ்ச நேரம் நிற்கலாம்’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

“குடுத்துக்கொண்டிருக்கேக்க லைன் அறுந்தா கடிதம் துலைஞ்சு போகுமே?”

போகாது. யாரும் கையெழுத்து வைக்கவில்லையே. ஜீமெயில் ‘இப்ப ஏலாது, பிறகு வா’ என்றால், அதாவது 4இல் தொடங்கும் எண்ணைச் சொன்னால், திருப்பிவிடுகிறவரும் அதையே அனுப்புகிறவரிடம் சொல்லிவிடுவார். அனுப்பிய சேர்வர் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து தட்டும். நான்கைந்து நாளாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்பது பொது வழக்கம். ஆக, சேமிக்காத சேவையில் காத்திருக்கும் வேலை அனுப்பியவரின் தலையில் விழுகிறது.

5இல் தொடங்கும் எண் வந்தால் ‘ஒருநாளும் ஏலாது’ என்று பொருள். விலாசம் பிழையென்றால் இது வரும், பெட்டி நிரம்பியிருந்தாலும் வரலாம். அனுப்பியவருக்கு அவருடைய சேர்வரே திரும்பிவந்த கடிதத்தைக் காட்டும்.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. ஜீமெயில் 250 சொல்லிவிட்டது, அதை இந்தப் பக்கம் சொல்வதற்குள் திருப்பிவிடும் சேர்வர் விழுந்துவிட்டது என்று வையுங்கள். அனுப்பியவர் மறுபடி அனுப்புவார், உங்களுக்கு ஒரே கடிதம் இரண்டு வரும். தொலைவதைவிட இரண்டு வருவது மேல் என்றுதான் இதை அமைத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

“சங்கத்தில தலைவிக்கும் பொருளாளருக்கும் ரெண்டு பேருக்கும் போக வேணும். செய்யேலுமே?”

ஏலும், அக்கா. ஆனால் சேமிக்காத சேவைக்கு இது ஒரு புதிர். தலைவியின் பெட்டி 250 சொல்லிவிட்டது, பொருளாளரின் பெட்டி ‘பிறகு வா’ என்கிறது. அனுப்பியவருக்கு இப்போது என்ன சொல்வது? 250 சொன்னால் பொருளாளருக்குப் போகாது, கையில் பிரதியும் இல்லை. ‘பிறகு வா’ என்றால் அடுத்த தடவை தலைவிக்கு இரண்டாவது பிரதி போகும். இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. கடிதத்தை வைத்திருக்காமல், அதிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஒரு குறியை மட்டும் ‘இது தலைவிக்குப் போய்விட்டது’ என்ற குறிப்போடு கொஞ்சக் காலம் வைத்திருப்பார்கள். அதே கடிதம் மறுபடி வந்தால் பொருளாளருக்கு மட்டும் போகும். குறியிலிருந்து கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

“வைச்சிருக்கேல்லை எண்டு சொல்லீனம். அதை என்னெண்டு நம்புறது?”

முழுதாக நம்ப வேண்டாம். தபாலதிபர் உவமை பொருந்தாமல் போகும் இடம் இதுதான். அவரிடம் வருவது ஒட்டிய உறை. திருப்பிவிடும் சேர்வரிடம் வருவது திறந்த கடிதம். வழியில் யாரும் எட்டிப் பார்க்காமல் பூட்டும் டிஎல்எஸ் குறியாக்கம் இருக்கிறது, உண்மை. ஆனால் அது அனுப்புகிறவரிலிருந்து திருப்பிவிடுகிறவர்வரை ஒன்று, அங்கிருந்து ஜீமெயில்வரை இன்னொன்று. நடுவில் கடிதம் வெளிச்சத்தில் நிற்கிறது. வாசிக்கமாட்டேன் என்பது அவருடைய வாக்கு. வாசிக்கவே முடியாமல் இருக்க வேண்டுமென்றால் பிஜிபி போல இரு முனைகளிலும் பூட்டும் முறை வேண்டும், அதை அரிசி வாங்குகிறவர் செய்யப்போவதில்லை.

அடுத்து, உள்ளடக்கத்தை வைக்காவிட்டாலும் பதிவேடு வைப்பார்கள். யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, பதில் எண் என்ன என்ற விபரம் இருக்கும். பிழை கண்டுபிடிக்க அது தேவை. எத்தனை நாளில் அழிக்கிறார்கள் என்று கேளுங்கள். தலைப்பு வரியும் பதிவாகிறதா என்று கேளுங்கள். வேறொன்றும் உண்டு: சில இலவசச் சேவைகள் உங்கள் ஜீமெயில் விலாசத்தை டிஎன்எஸ்ஸிலேயே டிஎக்ஸ்டி என்ற குறிப்புப் பதிவாக எழுதச் சொல்லும். டிஎன்எஸ் சந்தியில் ஒட்டிய விளம்பரம் மாதிரி, யாரும் வாசிக்கலாம். மறைக்க நினைத்த விலாசம் அங்கேயே தொங்கும்.

இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வாடிக்கையாளரின் விபரம் உங்களிடம் வந்தால் அது உங்கள் பொறுப்பும்தான், திருப்பிவிடுகிறவருடையது மட்டுமல்ல.

“செய்யிறது கஷ்டமே?”

பத்து நிமிட வேலை. ஆனால் நான் பிடிபட்டதும் அதில்தான்.

டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் சேவை சொல்கிற எம்எக்ஸ் பதிவுகளைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் இருக்கும். சிறிய எண்தான் முதலில் தட்டப்படும் கதவு. பிறகு எந்த விலாசம் எந்தப் பெட்டிக்கு என்று எழுதி, ஜீமெயிலுக்கு வரும் உறுதிப்படுத்தல் இணைப்பை அழுத்தினால் முடிந்தது. கிளவுட்ஃப்ளேர் 2021இல் அறிமுகப்படுத்திய ஈமெயில் ரவுட்டிங் இலவசம், ஆனால் டிஎன்எஸ்ஸும் அவர்களிடமே இருக்க வேண்டும். இம்ப்ரூவ்எம்எக்ஸ், ஃபோர்வேர்ட் ஈமெயில் போன்றவையும் இருக்கின்றன.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆலைக்காரருக்கு இதைச் செய்து கொடுத்தேன். புதிய பதிவைச் சேர்த்தேன், அவருடைய இணையத்தளத்தை வைத்திருக்கும் ஹொஸ்டிங் நிறுவனத்தின் பழைய பதிவை அழிக்க மறந்தேன். இரண்டுக்கும் முன்னுரிமை 10. எண் சமமாக இருந்தால் அனுப்பும் சேர்வர் சீட்டுக் குலுக்குவது போல ஒன்றைத் தெரிவு செய்யும். நான் அனுப்பிப் பார்த்த சோதனைக் கடிதம் என் அதிர்ஷ்டத்துக்குச் சரியாக வந்தது. சந்தோசமாகக் காசையும் வாங்கிவிட்டேன். மூன்று கிழமை கழித்து ஐயா கடைக்கு வந்து கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. ஏறத்தாழப் பாதிக் கடிதங்கள் யாருமே திறக்காத பழைய பெட்டியில் கிடந்தன. இப்போது பழைய எம்எக்ஸை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதுகிறேன், அதன் பிறகு ஐந்தாறு தடவை சோதிக்கிறேன்.

இன்னொரு பொறி: இணையத்தளம் இருக்கும் அதே ஹொஸ்டிங்கில் ‘இந்த டொமைனின் கடிதம் எனக்கே’ என்ற அமைப்பு பழையபடி கிடந்தால், உங்கள் தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து வரும் கடிதம் டிஎன்எஸ்ஸைப் பார்க்காமலே உள்ளுக்குள் நின்றுவிடும். ஹொஸ்டிங்கை நிர்வகிக்கும் சீபெனல் பக்கத்தில் அதை ‘ரிமோட்’ என்று மாற்ற வேண்டும்.

“வெப்சைட்டுக்கு ஒண்டும் ஆகாதே?”

ஆகாது. தளத்துக்கு வேறு பதிவு, கடிதத்துக்கு வேறு பதிவு. டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் பெயர்ச்சேர்வரையே மாற்றும்போது மட்டும் பழைய பதிவுகளை எல்லாம் கவனமாகக் கொண்டுபோக வேண்டும்.

“இங்க கரண்ட் போனா?”

கரண்ட் போவது கிளிநொச்சியில். உங்கள் பெட்டி இருப்பது கூகிளில். டேட்டா வந்தவுடன் எல்லாம் அங்கே இருக்கும்.

“லண்டனில இருந்து மருமகன் அனுப்பினது ஸ்பாமுக்குள்ள போட்டுது. ஏன்?”

உறையில் உள்ள பெயருக்கும், கடிதத்தைக் கொண்டுவந்த ஆளுக்கும் பொருத்தம் பார்க்கிற காலம் இது. ஒவ்வொரு டொமைனும் ‘என் கடிதத்தை இன்னின்ன சேர்வர்தான் கொண்டுவரும்’ என்று ஒரு பட்டியல் போட்டிருக்கும். அதுதான் எஸ்பிஎஃப். மருமகனின் கடிதத்தைத் திருப்பிவிடும் சேர்வர் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தப் பட்டியலில் அது இல்லை. ஜீமெயிலுக்குச் சந்தேகம் வரும்.

இதற்கு எஸ்ஆர்எஸ் என்றொரு வழி கண்டார்கள். திருப்பிவிடுகிறவர் உறையின் அனுப்புனர் இடத்தில் தன் டொமைனிலேயே ஒரு விலாசம் எழுதுவார். அந்த விலாசத்துக்குள்ளேயே உண்மையான அனுப்புனரின் பெயர், திகதிக் குறிப்பு, போலி செய்ய முடியாத ஒரு சிறு முத்திரை எல்லாவற்றையும் பொதிந்துவிடுவார். கடிதம் திரும்பி வந்தால் அந்த விலாசத்தைப் பிரித்துப் பார்த்து யாருக்கு அனுப்புவது என்று அறிவார். தனியாக ஒரு பேரேடு வைக்கத் தேவையில்லை. எனக்கு இதில் மிகப் பிடித்த வேலைப்பாடு இதுதான்.

ஆனால் உறை வேறு, உள்ளே கடிதத்தில் எழுதியிருக்கும் பெயர் வேறு. டிமார்க் என்ற விதி உள்ளே உள்ள பெயரைப் பார்க்கிறது. அங்கே காப்பாற்றுவது டிகிம் கையொப்பம். அனுப்பிய சேர்வர் கடிதத்தின் உடலிலும் முக்கிய தலைப்புகளிலும் போட்ட கணித முத்திரை அது. ஓர் எழுத்தும் மாறாமல் போனால் எத்தனை கை மாறினாலும் முத்திரை செல்லும். ஆகவே கடிதத்தின் அடியில் ‘எங்கள் சேவையால் அனுப்பப்பட்டது’ என்று வரி சேர்க்கும் திருப்பிவிடுகிறவரைத் தவிருங்கள், முத்திரை உடைந்துவிடும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் விதியை ‘பொருந்தாவிட்டால் நிராகரி’ என்று இறுக்கியபோது உலகெங்கும் மடற்குழுக்கள் தடுமாறியது இதனால்தான்.

2024 பெப்ரவரியிலிருந்து, ஜீமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகிள் கட்டாயப்படுத்தியது. அதனால் பெரிய நிறுவனங்களின் கடிதம் இப்போது பெரும்பாலும் கையொப்பத்தோடு வருகிறது. தொல்லை தருவது கவனிப்பாரற்ற சிறு சேர்வர்கள்தான். கணினியில் ஜீமெயிலைத் திறந்து ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்துங்கள், மூன்றில் எது தேறியது, எது தவறியது என்று தெரியும்.

“நான் பதில் எழுதினா எந்த விலாசத்தில போகும்?”

ஒன்றும் செய்யாவிட்டால் ஜீமெயில் விலாசத்தில் போகும். திருப்பிவிடுவது ஒருவழிப் பாதை. கடைப் பெயரில் பதில் போக வேண்டுமென்றால் ஜீமெயிலில் ‘சென்ட் மெயில் அஸ்’ அமைப்பில் அனுப்புவதற்கான சேர்வர் ஒன்றைக் கொடுக்க வேண்டும். சில சேவைகள் அதைக் காசுக்குத் தருகின்றன. ஜீமெயிலின் சொந்தச் சேர்வரையே இரண்டு படிச் சரிபார்ப்பும் செயலிக் கடவுச்சொல்லும் வைத்துப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அப்போது கையொப்பம் ஜீமெயில் பெயரில்தான் விழும், உங்கள் டொமைன் பெயரில் அல்ல. உங்கள் டிமார்க் விதி இறுக்கமாக இருந்தால் உங்கள் கடிதமே நிராகரிக்கப்படும். அனுப்புவதற்கு எஸ்பிஎஃப் பதிவு எழுதும்போது ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் எழுதலாம். இரண்டு எழுதினால் இரண்டும் செல்லாது.

“நானே எனக்கு அனுப்பிப் பார்த்தன், வரேல்லை.”

அதே ஜீமெயிலிலிருந்து அனுப்பினீர்களா? ஜீமெயில் அதே கடிதத்தின் அடையாள எண்ணைக் கண்டு ‘இது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறதே’ என்று புதிதாகக் காட்டாது. பக்கத்து வீட்டுத் தம்பியின் போனிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

“நெல்லுச் சாம்பிள் வீடியோ அனுப்பினவை, திரும்பிட்டுதாம்.”

ஜீமெயிலிலிருந்து அனுப்பக்கூடியது 25 எம்பி. இணைப்பாகப் போகும் கோப்பு, வழியில் எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பருக்கும். 20 எம்பி வீடியோ 27ஐ நெருங்கிவிடும். திருப்பிவிடும் சேவையின் எல்லை இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். வீடியோவுக்கு டிரைவ் இணைப்பு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஜீமெயிலின் 15 ஜிபி, படங்களுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான் என்பதையும் மறக்க வேண்டாம். கலியாண வீட்டுப் படங்களால் பெட்டி நிரம்பி ஓடர் திரும்பிப்போன கதை எனக்குத் தெரியும்.

“என்ன பேர் போட்டு அனுப்பினாலும் வாற மாதிரிச் செய்யேலுமே?”

ஏலும். எதையும் ஏற்கும் விலாசம் என்று ஒன்று இருக்கிறது. ஸ்பாம்காரர் அகராதியைப் பிரித்துவைத்து ஒவ்வொரு பெயராக அனுப்பத் தொடங்கினால் எல்லாம் உங்கள் பெட்டிக்கே வரும். நான் போட்டுக்கொடுப்பதில்லை.

“தமிழிலயே விலாசம் வைக்கலாமோ?”

டொமைன் தமிழில் கிடைக்கும். ‘.இலங்கை’ 2010இல் இணையத்தின் வேர்ப் பட்டியலில் சேர்ந்தது, ‘.எல்கே’யை நடத்தும் பதிவகம்தான் அதையும் நடத்துகிறது. உள்ளே டிஎன்எஸ்ஸில் அது ரோம எழுத்துச் சரமாக மாற்றி எழுதப்படும், அதனால் எம்எக்ஸ் பதிவு வழக்கம்போல வேலை செய்யும். @ குறிக்கு முன்னாலுள்ள பெயரும் தமிழில் வேண்டுமென்றால் அதற்கு 2012இல் வந்த ஒரு நீட்டிப்பு வேண்டும். அனுப்புகிறவர், திருப்பிவிடுகிறவர், பெட்டிக்காரர் மூவரிடமும் அது இருக்க வேண்டும். ஜீமெயில் 2014இலிருந்து ஏற்கிறது. நடுவில் ஒருவரிடம் இல்லாவிட்டாலும் சங்கிலி அறும். ஆசைக்குத் தமிழ்ப் பெயரை வைத்து, பையில் அச்சடிக்க ரோம எழுத்து விலாசத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

“ஆருக்கு இது சரிவராது?”

கணக்காய்வுக்குக் கடிதங்களை வருடக்கணக்கில் காட்ட வேண்டிய கூட்டுறவுச் சங்கங்களுக்கு. இரண்டு பேர் விலகி மூன்று பேர் சேரும் அலுவலகங்களுக்கு. திருப்பிவிடுகிறவரிடம் பிரதி இல்லை, ஜீமெயிலில் அழித்தால் அழித்ததுதான். விலகிப்போன செயலாளரின் சொந்தப் பெட்டியில் சங்கத்தின் கடிதம் எல்லாம் போய்விடும். அவர்கள் காசு கொடுத்துச் சொந்தப் பெட்டி எடுப்பதே நல்லது.

“டொமைனுக்குக் காசு கட்ட மறந்தா?”

முதலில் கடிதம் நிற்கும். சலுகைக் காலமும் முடிந்தால் வேறு யாரும் அந்தப் பெயரை வாங்கலாம். வாங்கி, எம்எக்ஸைத் தன் பக்கம் திருப்பி, ‘எதையும் ஏற்கும்’ விலாசத்தைப் போட்டால் உங்களுக்கு வரும் ஓடர் எல்லாம் அவருக்குப் போகும். அந்த விலாசத்தில் திறந்த பேஸ்புக் பக்கத்துக்கு ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்’ என்று சொன்னால் புதிய சாவியும் அவரிடமே வரும். டொமைன் பதிந்த கணக்குக்கு அதே டொமைனின் விலாசத்தைக் கொடுக்காதீர்கள், நினைவூட்டல் கடிதமும் நின்றுபோகும். என் கடைச் சுவரில் பஞ்சாங்கக் கலண்டர் ஒன்று தொங்குகிறது. வாடிக்கையாளர்களின் டொமைன் முடியும் திகதிகளைச் சிவப்புப் பேனாவால் அதில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.